கொட்டியாற்றுக் குடா நீரில் பற்றீரியா எண்ணுவதற்கு ஒரு வடிகட்டித் தொகுதி: குரோமா 49002

திருகோணமலையின் உட்துறைமுகத்திலிருந்தும் கொட்டியாற்றுக் குடாவிலிருந்தும் எடுக்கப்படும் நீர் மாதிரிகளில் பற்றீரியாக்களை எண்ணும் பணியில், நுணுக்குக்காட்டியில் பொருத்தும், குரோமா நிறுவனத்தின் 49002 என்ற புளோரொளிர்வு (ஒரு நிற ஒளி பட்டதும் வேறு நிறத்தில் ஒளிர்தல்) வடிகட்டித் தொகுதியை இப்போது பயன்படுத்தி வருகிறோம். இதே வேலைக்கு வடிகட்டி தேடுவோருக்கு உதவும் என்ற எண்ணத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

தொகுதியில் மூன்று கண்ணாடிகள் உள்ளன. விளக்கின் ஒளியில் 450 முதல் 490 நனோமீற்றர் வரையான நீல ஒளியை மட்டும் முதலாவது உள்ளே விடுகிறது. 495 நனோமீற்றரை எல்லையாகக் கொண்ட சாய்ந்த டைக்ரோயிக் கண்ணாடி அந்த நீலத்தை மாதிரியின் மீது திருப்பிவிட்டு, மாதிரியிலிருந்து திரும்பி வரும் பச்சை ஒளிக்கு வழிவிடுகிறது. கண்ணுக்கு முன்னால் நிற்கும் மூன்றாவது வடிகட்டி 500 முதல் 550 வரை தவிர ஏனையவற்றைத் தடுக்கிறது. பற்றீரியாவின் டி.என்.ஏயில் ஒட்டிக்கொண்டு 520 நனோமீற்றரை அண்டி ஒளிரும் சைபர் கிரீன் சாயத்துக்கு இந்தச் சாளரம் நன்றாகப் பொருந்துகிறது.

கடல்நீர் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ பத்து இலட்சம் பற்றீரியாக்கள் இருப்பது இயல்பு. அவற்றுள் பல அரை மைக்ரோமீற்றர் அளவே உடையவை என்பதால், ஒவ்வொன்றும் தரும் ஒளி மிகச் சிறியது. 0.2 மைக்ரோமீற்றர் துளையுள்ள கறுப்புப் பொலிகாபனேற்று மென்சவ்வில் நீரை வடித்து, சாயமூட்டி, எண்ணெய் அமிழ்ப்பு வில்லையின் கீழ் வைத்துப் பார்க்கும்போது, பின்புலம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கே எண்ணிக்கையை நம்பலாம். நாங்கள் முன்னர் பயன்படுத்திய, 515 நனோமீற்றருக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் கடத்தும் வடிகட்டியில், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மகாவலி கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் துகள்கள் மஞ்சளாகப் புகைந்து நின்றன. 680 நனோமீற்றரை அண்டி ஒளிரும் பச்சையத்தால் நுண்பாசிகள் செந்நிறத்தில் எரிந்தன. அவற்றின் ஓரத்தில் கிடந்த சின்னஞ்சிறு புள்ளிகள் கண்ணுக்குத் தப்பின. புதிய தொகுதியில் அந்தச் சிவப்பு முற்றாக அடங்கிவிட்டது. மஞ்சள் மூட்டமும் பெரும்பாலும் குறைந்துவிட்டதால், பிரிந்துகொண்டிருக்கும் ஒரு பற்றீரியாவின் இடைச்சுருக்கத்தைக்கூடத் தெளிவாகக் காண முடிகிறது.

ஆயினும் வண்டலிலிருந்து வரும் பச்சை ஒளியும் அதே சாளரத்தின் வழியாகத்தான் வருகிறது. அதை எந்த வடிகட்டியாலும் பிரித்துவிட முடியாது. சாயமூட்டாத மென்சவ்வு ஒன்றையும் உடன் பார்த்து ஒப்பிடுவது கட்டாயம்.

எங்கள் ஊருக்கு நான் முக்கியமாகக் கருதுவது பூச்சின் உறுதி. பழைய வகை வடிகட்டிகளில் மென்மையான பூச்சு இரு கண்ணாடிகளுக்கு இடையில் ஒட்டப்பட்டிருக்கும். உப்புக்காற்றின் ஈரம் விளிம்பு வழியாகப் புகுந்ததால், எங்கள் முன்னைய வடிகட்டியில் பாசி படர்வது போல ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கறை பரவியது. 49002இல் உள்ளவை கடினமான ஒட்சைட்டுப் பூச்சுகள். ஈரத்தைத் தாங்கும் திறனில் இவை வேறு தரம். என்றாலும் சிலிக்கா ஜெல் வைத்த பெட்டியில் பாதுகாப்பதையே நான் விரும்புகிறேன்.

இது எல்லோருக்குமான தொகுதி அல்ல. அக்ரிடின் ஒரேஞ்சு சாயத்தில் பச்சையையும் செம்மஞ்சளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்களுக்கு இது பாதித் தகவலை மறைத்துவிடும். ஓரமைன் சாயத்தால் காசநோய்க் கிருமியைத் தேடுவோர் பழகிய மஞ்சள் நிறம் இதில் பச்சையாகவே தெரியும். பச்சைப் பற்றீரியாவையும் சிவப்புப் பாசியையும் ஒரே பார்வையில் மாணவருக்குக் காட்ட விரும்பும் ஆசிரியருக்குப் பழைய வகை அகன்ற வடிகட்டியே ஏற்றது.

விலை சிறிய ஆய்வுகூடங்களுக்குச் சுமைதான். எனவே வாங்குமுன் உங்கள் நுணுக்குக்காட்டி ஒலிம்பஸா, நிக்கோனா, சைஸா என்பதைத் தெரிவித்து, மூன்று கண்ணாடிகளையும் தாங்கும், அதற்குரிய கனச்சட்டத்துடனேயே கேட்டுப் பெறுங்கள். தனிக் கண்ணாடிகளாக வாங்கினால், டைக்ரோயிக்கின் பூசப்பட்ட முகம் விளக்கையும் மாதிரியையும் நோக்கியிருக்க வேண்டும். வடிகட்டி வளையத்திலுள்ள அம்புக்குறியின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், உடன் வரும் தாளை வாசித்த பின்பே பொருத்துங்கள். புளோரொளிர்வு குறைந்த அமிழ்ப்பு எண்ணெயையும் அதே கட்டளையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண எண்ணெய் தானே ஒளிர்ந்தால், இந்தத் தொகுதிக்குக் கொடுத்த பணத்தின் பயன் கைக்கு வராது.