புரொஜெக்டர் வாங்க முதல் புள்ளியைப் பாருங்கோ

ஒட்டுசுட்டானில எங்கட வீட்டு ஹோல்ல இப்ப ஒன்பது மாசமா ஒரு புரொஜெக்டர் ஓடுது, இது நான் வாங்கின ரெண்டாவது. முதலாவதை ஒன்லைன்ல ஒரு கடையில எடுத்தனான், பெட்டியில வெளிச்சம் 9000 லூமென்ஸ், படத் துல்லியம் 4கே எண்டு பெருசா அடிச்சிருந்தது, பின்னேரம் ஆறு மணிக்கு விறாந்தையில போட்டா சுவரில ஆக்கள் அசையிறது தெரியுது, முகம் தெரியேல்ல. திருப்பி எடுங்கோ எண்டு கேட்டன், பெட்டி உடைச்சாச்சு இனி ஏலாது எண்டிட்டினம். 18 ஆயிரம் எங்களுக்குச் சின்னக் காசில்லை. மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற வேற ஆரும் இப்பிடிக் காசைத் துலைக்கக் கூடாது எண்டுதான் இதை எழுதுறன்.

முதல்ல வெளிச்சம். அன்சி (ANSI) லூமென்ஸ் எண்டு ஒரு கணக்கு இருக்கு, வெள்ளைத் திரையில ஒன்பது இடத்தில அளந்து சராசரி எடுக்கிறது, அதுதான் நம்பக்கூடிய நம்பர். சும்மா லூமென்ஸ் எண்டு மட்டும் போட்டிருந்தா விக்கிறவை தங்கட இஷ்டத்துக்கு அடிச்சது எண்டு நினைச்சுக் கொள்ளுங்கோ. என்ர இப்பத்த மெஷின்ல 300 அன்சி எண்டு இருக்கு. லைட்டெல்லாம் நூத்துப்போட்டு 80 அங்குலத்தில பாத்தா நல்ல வடிவு, அதையே 100 அங்குலத்துக்கு இழுத்தா மங்கிப் போகும், ஏனெண்டா அதே வெளிச்சம் ஒண்டரை மடங்கு பெரிய சுவரில பரவுது. பெருசாப் பாக்கிற ஆசையில படத்தை வெளிறப் பண்ணாதேங்கோ. பகல்ல பாக்கோணும் எண்டா இந்த விலைக்கு வாற எதுவும் சரிவராது, அந்தக் காசுக்கு ஒரு ரீவி வாங்குங்கோ.

அடுத்தது 4கே கதை. 4கே சப்போர்ட் எண்டா 4கே ஃபைலைப் போட்டா ஓடும், அவ்வளவுதான், சுவரில விழுறது உள்ளுக்குப் படத்தை உண்டாக்கிற பனல்ல எத்தினை பிக்சலோ அவ்வளவு. நேட்டிவ் ரெசலூஷன், அதாவது அந்தப் பனல்ல உண்மையா இருக்கிற பிக்சல் கணக்கு, என்ன எண்டு கேளுங்கோ. 854க்கு 480 எண்டா விட்டிடுங்கோ, 1280க்கு 720 எண்டா படம் பாக்கக் காணும், 1920க்கு 1080 எண்டா எழுத்தும் வாசிக்கலாம்.

ரெண்டாவது தரம் வவுனியாவுக்கு நேர போனன். பென் டிரைவ்ல ஒரு தமிழ்ப் பேப்பர் பக்கத்தைப் படமாப் போட்டுக் கொண்டு போனனான். கடைக்காரர், "தம்பி, நல்ல கலர்ப் படம் போட்டுக் காட்டுறன், உது என்னத்துக்கு?" எண்டு கேட்டார். "இல்லை அண்ணை, உதையே போடுங்கோ" எண்டன். நல்ல மனுசன், ஷட்டரைப் பாதிக்கு இறக்கி லைட்டையும் நூத்து விட்டார். முதல் போட்டது 480, தலைப்பு வடிவாத் தெரிஞ்சுது, கீழ சின்ன எழுத்தில புள்ளியே இல்லை, பட்டம் எண்டது படடம எண்டு நிக்குது. பிறகு 720, நடுவில புள்ளி இருக்கு, மூலைக்குப் போகப் போகப் புகார். மூண்டாவது 1080, நாலு மூலைக்கும் கிட்டப் போய் நிண்டு பாத்தன், க் எழுத்துக்கு மேல புள்ளி ஊசியால குத்தின மாதிரி இருந்தது. 42 ஆயிரம் சொன்னார், ஆயிரம் குறைச்சுத் தந்தார், பஸ்ஸில மடியில வச்சுக் கொண்டு வந்தனான். இதே மெஷின் வேற வேற பேரில மற்றக் கடையளிலயும் கண்டனான், அதால பேரைச் சொல்லேல்ல, உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு கேட்டு வாங்குங்கோ.

இன்னொண்டு, இது எங்கட இடத்துக்கு எல்லாத்திலயும் முக்கியம். மூடின ஒப்டிக்கல் எஞ்சினோ, அதாவது பனலும் லென்ஸும் தூசி போகாமல் அடைச்ச பெட்டிக்குள்ள இருக்கோ எண்டு கேளுங்கோ. விலை குறைஞ்சதுகள்ல ஃபேன் காத்து நேர பனல்லயும் லென்ஸுக்குப் பின்னாலயும் அடிக்குது, செம்மண் தூசி அப்பிடியே போய் ஒட்டும். முதல் மெஷின்ல கோடை முடியுறதுக்குள்ள சுவரில சாம்பல் கலர்ல திட்டுத் திட்டா வந்திட்டு, ஐப்பசி மழைக்கு ஈசல் கிளம்ப ஒண்டு உள்ளுக்குப் பூந்து செத்து, அதின்ர செட்டை நிழல் ஒவ்வொரு படத்திலயும் வலது பக்கம் நிண்டது. புதுசில அப்பிடி ஒண்டும் இல்லை. ஆனாலும் மழை நாள்ல யன்னலைச் சாத்திப் போட்டுத்தான் போடுறம்.

இதை விட வெளிச்சம் வேணும் எண்டா செக்கன்ட் ஹான்ட் ஒஃபிஸ் புரொஜெக்டரையும் யோசிக்கலாம். எப்சன் ஈபி-எக்ஸ்05 மாதிரி ஒண்டு புதுசில 3300 லூமென்ஸ், அந்த நம்பர் உண்மையாவே அளந்தது. ஆனா பனல் 1024க்கு 768, அகலப் படம் போட்டா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டி வரும், லாம்ப் சாதாரணமா 6000 மணித்தியாலம்தான். மெனுவுக்குள்ள லாம்ப் எத்தினை மணித்தியாலம் ஓடினது எண்டு காட்டும், அதைப் பாக்காமல் காசைக் குடுக்காதேங்கோ. இழுக்கிற கரண்டும் கூட, இன்வேட்டர்ல பாக்கிற ஆக்களுக்கு லாம்புக்குப் பதிலா எல்ஈடி உள்ள மெஷின்தான் லேசு.

சவுண்ட் எதிலயும் காணாது, பழைய ஸ்பீக்கருக்கு வயர் இழுத்துக் குடுங்கோ, புளூடூத்தில வாய் முந்திச் சத்தம் பிந்தும். நெற்ஃபிளிக்ஸ் லைசன்ஸ் இல்லாத மெஷின்ல ஒண்டில் ஓடாது, இல்லாட்டி மங்கலா ஓடும். கீஸ்டோன் எண்டு கோணின படத்தை நேராக்கிற வசதி இருக்கு, அதை நம்பிச் சரிச்சு வைக்காதேங்கோ, அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்குது, நேர ஒரு முக்காலியில வையுங்கோ. சீலை கட்டிப் பாத்தம், காத்துக்கு ஆடுது, வெள்ளை டிஸ்டெம்பர் அடிச்ச சுவர் அதை விடத் திறம்.

முந்தி எங்கட பக்கம் கரண்டே இல்லாத காலத்தில ஜெனறேற்றர் வச்சு டெக்கில படம் போட்டா ஊரே வந்து முத்தத்தில இருக்கும் எண்டு அம்மம்மா சொல்லுவா. வைகாசியில வற்றாப்பளை அம்மன் பொங்கல், கால் ஏலாமல் இந்த முறை அவ போகேல்ல. பொங்கல் வீடியோவை ஃபோன்ல காட்ட, ஒண்டும் தெரியேல்லடா எண்டு தள்ளி விட்டவ. சுவரில போட்டு விட்டன். கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு, சனத்துக்கை ஒவ்வொரு முகமாத் தேடி, "நிப்பாட்டு நிப்பாட்டு, உந்தக் காவடிக்குப் பின்னால நிக்கிறது எங்கட பெரியக்கான்ர பேத்தியெல்லோ" எண்டா. நான் நிப்பாட்டினன், அவதான்.