ஈயத்துக்கு முழு மார்க், கதவு ரப்பருக்குப் பூஜ்யம்

கதவு ரப்பரை (கேஸ்கெட்) மாற்றி முடித்த கையோடு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். எங்கள் சுரங்க லேப்பில் பொருள்களின் கதிரியக்கத்தை அளக்கும் ஜெர்மானியம் டிடெக்டரைச் சுற்றி இருக்கும் கவசப் பெட்டி எப்படி, நாங்களும் அதையே ஆர்டர் செய்யலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். நியூட்ரினோ இல்லாத இரட்டை பீட்டா சிதைவு என்ற, இருந்தாலும் மிக அபூர்வமான அணுச்சிதைவைத் தேடும் சோதனைக்குப் போகிற செம்பு, பிளாஸ்டிக், திருகாணி வரை எல்லாமே இதற்குள் உட்கார்ந்து, கதிரியக்கம் மிகக் குறைவு என்று பாஸாக வேண்டும்.

ஈயம் அருமை, அதை மறைக்க மாட்டேன். சாதாரண ஈயத்தில் ஈயம்-210 என்ற கதிரியக்க வகை இருக்கும், அரை ஆயுள் 22 வருடம், வெளிக் கதிர்வீச்சைத் தடுக்க வைத்ததே உள்ளே பேக்ரவுண்டை (வேண்டாத சிக்னலை) கிளப்பும். பெட்டி செய்த கம்பெனி உள்ளடுக்குக்குப் போட்ட ஈயம் சுத்தம், அதற்கும் உள்ளே செம்பு. (இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில் இதே சிதைவைத் தேடும் குவோரே சோதனைக்காரர்கள், சார்டினியா பக்கம் மூழ்கிய ரோமானியக் கப்பலின் ஈராயிரம் வருட ஈயத்தையே எடுத்துக் கவசமாக வைத்தார்கள். நமக்கு ஏது அந்தக் கொடுப்பினை.) தோரியம் சிதைவு வரிசையின் அடையாளமான 2615 கேஇவி (கதிரின் ஆற்றல் அளவு) பீக் வரவேண்டிய இடத்தில் வாரக்கணக்கில் ஓடவிட்டும் ஏறக்குறைய ஒன்றுமில்லை, முதல் தடவை பார்த்தபோது கேபிள்தான் கழன்றுவிட்டதோ என்று போய்த் தொட்டுப் பார்த்தேன்.

ஆனால் ரேடான்! சுரங்கக் காற்றில் அந்தக் கதிரியக்க வாயு இல்லாமல் இருக்காது, டுவாரில் (திரவ நைட்ரஜன் குடுவை) ஆவியாகிற நைட்ரஜனை உள்ளே விட்டுத்தான் வெளியே தள்ளுகிறோம். நழுவு கதவின் ரப்பர் ஓரம் துளி விட்டுக்கொடுத்தாலும் 352-லும் 609 கேஇவி-யிலும் ரேடான் பீக் எழுந்து நிற்கும். மாதிரி மாற்றக் கதவைத் திறந்தால் அப்புறம் சில மணி நேர டேட்டா குப்பைதான், அது எந்தப் பெட்டியிலும் உள்ளது, சரி. திறக்காமலே வருகிறதே, அதுதான் எரிச்சல். டுவார் காலியாகி நைட்ரஜன் நின்றாலும் இதே பீக்தான் என்பதால் கோளாறு எதில் என்று கண்டுபிடிக்கவே ஒரு பாடு. போதாததற்கு ரேடான் சிதைந்து கடைசியில் செம்பின் மேல் படிவது ஈயம்-210, காசு கொடுத்து வெளியே நிறுத்திய அதே ஆள்! கம்பெனிக்கு எழுதினால் கதவை அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பதில்.

இன்றைக்குக் கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன், டிடெக்டர் காட்டும் ஸ்பெக்ட்ரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. அதையும் மீறி வாங்கினால் ஸ்பேர் கேஸ்கெட்டையும் நைட்ரஜன் ஓட்டம் குறைந்தால் அலறுகிற ஃப்ளோ மீட்டரையும் அதே பில்லில் போடச் சொல்லுங்கள், பிறகு தனியாகக் கேட்டால் மாதக்கணக்கில் இழுப்பார்கள்.