மினியாக் ஈத்தாம்: சர்வீஸ் சென்டரா, பட்டறையா, வீட்டு வாசலா?

புதுக் கார் எடுத்த சில மாதங்களிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். முன்பதிவு செய்து, அரை நாள் விடுப்பு எடுத்து, சர்வீஸ் சென்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்குப் பதில், மினியாக் ஈத்தாம் என்கிற எஞ்சின் எண்ணெயை நாமே வாங்கி மாற்றினால் என்ன? வாரண்டி போய்விடுமா?

இணையத்தில் தேடினால் "போகாது, ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்" என்ற பதில்தான் முதலில் கண்ணில் படும். அது அமெரிக்கப் பதில். அங்கே 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, தன் பிராண்டுப் பொருளையோ தன் சர்வீஸையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி என்று கம்பெனி நிபந்தனை போட முடியாது. போட வேண்டுமானால் அதை இலவசமாகத் தர வேண்டும், அல்லது அரசிடம் விலக்கு வாங்க வேண்டும். சிங்கப்பூரிலும் 2017 இறுதியில் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு, முக்கியக் கார் விற்பனையாளர்கள் இப்படிப்பட்ட கட்டுப்பாட்டை நீக்க ஒப்புக்கொண்டார்கள். ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியாவில், கதை வேறு. நம் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வெளியே சர்வீஸ் செய்ததைக் காட்டி வாரண்டியை மறுக்கக் கூடாது என்று நேராகச் சொல்லும் பிரிவு அதில் இல்லை.

அதனால் இங்கே சட்டத்தை விட வாரண்டிப் புத்தகம்தான் பேசும். பெரோடுவா, புரோட்டான் கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர். ஹோண்டா, தொயோத்தாவுக்கு 5 ஆண்டு, கிலோமீட்டர் வரம்பு இல்லை. பின்பக்கங்களைப் புரட்டினால், குறித்த காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். உங்கள் புத்தகத்தில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "செய்ய வேண்டும்" என்பதும் "பரிந்துரைக்கிறோம்" என்பதும் ஒன்றல்ல. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது.

முத்திரையின் விலை

சர்வீஸ் சென்டரில் நீங்கள் வாங்குவது எண்ணெய் மட்டுமல்ல, முத்திரையோடு கிடைக்கும் பதிவும்தான். எஞ்சினில் கோளாறு என்று வாரண்டி கேட்டுப் போகும்போது, முதலில் அவர்கள் திறப்பது கணினியை. ஒவ்வொரு சர்வீஸும் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் நடந்தது என்று வரிசையாக இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். நடுவில் ஓர் ஓட்டை இருந்தால், வால்வு மூடியைக் கழற்றிக் கசடு தேடத் தொடங்குவார்கள்.

நம் ஊரில் வழக்கமான கணக்கு 6 மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. பலர் தவறுவது கிலோமீட்டரில் இல்லை, மாதத்தில்தான். வீட்டிலிருந்து எல்ஆர்டி நிலையம் வரை மட்டும் ஓடும் கார் 6 மாதத்தில் 3,000 கிலோமீட்டர்கூடத் தொடாது. "இன்னும் ஓடவே இல்லையே" என்று விட்டுவிட்டு ஒன்பதாவது மாதம் போனால், அந்தத் தாமதமே மறுப்புக்குக் காரணமாகலாம்.

பணக் கணக்கும் பலர் நினைப்பது போல் இல்லை. பல கம்பெனிகள் தொடக்க ஆண்டுகளில் சில சர்வீஸ்களுக்குக் கூலி வாங்குவதில்லை. எண்ணெய், ஃபில்டர் காசு மட்டும்தான். கூலி இலவசமாக இருக்கும் அந்தக் காலத்தில்தான், வீட்டில் மாற்றிச் சேமிக்கலாம் என்ற ஆசையும் அதிகம்! கூலி வரத் தொடங்கிய பிறகு பில் ஏறும். சேவை வரியும் 2024 மார்ச் 1 முதல் 6-லிருந்து 8 விழுக்காடாகிவிட்டது. பில்லைக் கூட்டுவது பெரும்பாலும் எண்ணெய் இல்லை. எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனர், ஏர்கான் சுத்தம் என்று கவுண்டரில் சேர்க்கும் அயிட்டங்கள்தான். அட்டவணையில் இல்லாததை "வேண்டாம்" என்று சொன்னால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது.

குறையும் உண்டு. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்தைய வாரங்களில் இடம் கிடைப்பது கடினம். அவசரத்தில் ஏர் கன்னால் வடிகால் போல்ட்டை முறுக்குவது அங்கேயும் நடக்கும். ஆனால் அங்கே மரை கெட்டால் அது அவர்கள் தலைவலி.

பட்டறை: வாரண்டிக் காலத்தில் இரண்டும் கெட்டான்

செந்தூலிலோ ஜாலான் ஈப்போ ஓரத்திலோ உள்ள தெரிந்த போர்மனிடம் (மெக்கானிக்) விட்டால் அரை மணியில் முடிந்துவிடும், கூலியும் குறைவு. வாரண்டி முடிந்த காருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. வாரண்டி இருக்கும்போது மட்டும் இது தேறாது. சென்டரின் முத்திரையும் கிடைக்காது, வீட்டில் செய்வதன் கட்டுப்பாடும் கையில் இருக்காது.

முதல் சிக்கல், எந்த எண்ணெய் என்பது. புதிய சிறிய எஞ்சின்களுக்குப் புத்தகம் கேட்பது பெரும்பாலும் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30. கடைசி எண்தான், சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று காட்டும் கிரேடு. பட்டறை டிரம்மில் இருப்பது 10டபிள்யூ-40 ஆக இருக்கலாம். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தான் நல்லது" என்பார்கள். சூடேறிய எஞ்சினுக்குள் இருக்கும் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 90 டிகிரியில் நிறுத்தி வைக்கிறது. வெளியே கோலாலம்பூர் வெயிலா ஜப்பான் பனியா என்பது அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. 100 டிகிரியில் 20 கிரேடு எண்ணெயின் பிசுபிசுப்பு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ், 40 கிரேடு 12.5-க்கு மேல். கெட்டி எண்ணெயால் எஞ்சின் உடனே செத்துவிடாது. ஆனால் பெட்ரோல் கூடக் குடிக்கும், வாரண்டிச் சண்டையில் உங்களுக்கு எதிரான சாட்சியாகவும் நிற்கும்.

இரண்டாவது சிக்கல் பில். "மினியாக் 4 லிட்டர், ஃபில்டர்" என்று இரண்டே வரி கிறுக்கிய தாள் எதையும் நிரூபிக்காது. கார் எண், தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் பிராண்டு, கிரேடு, ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரம், ஃபில்டர் எண் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். கடை முத்திரையும் வேண்டும். வெப்பத் தாளில் அச்சடித்த ரசீதைக் காருக்குள் வைத்தால் சில மாத வெயிலில் வெள்ளைத் தாளாகிவிடும், அன்றே படமெடுத்துவிடுங்கள்.

வீட்டு வாசல்

முதலில் இடம். தாமானில் தரை வீடு என்றால் சரி. கொண்டோ, அடுக்குமாடி என்றால் நிறுத்துமிடத்தில் கார் வேலை செய்ய நிர்வாகம் பொதுவாக விடாது. சரிவான தரையும் ஆகாது.

வாங்க வேண்டியவை: சிறிய எஞ்சினுக்கு 4 லிட்டர் புட்டி ஒன்று (பெரும்பாலும் 3-லிருந்து 4 லிட்டருக்குள்தான் பிடிக்கும், சரியான அளவு கையேட்டில்), ஒரிஜினல் ஃபில்டர், வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர். கருவியில் ரேம்ப் ஒரு ஜோடி அல்லது ஜாக்கும் இரண்டு ஸ்டாண்டும், ஃபில்டரைக் கழற்றும் கப், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்), 6 லிட்டராவது பிடிக்கும் தட்டு. டார்க் ரெஞ்சை வீண் செலவு என்று தள்ளாதீர்கள். இந்த வேலையில் உண்மையாகவே காரைக் காப்பாற்றுவது அதுதான்.

எண்ணெய்ப் புட்டியின் முன்பக்கம் இருக்கும் "ஃபுல்லி சிந்தெடிக்" என்ற பெரிய எழுத்து தரச்சான்று இல்லை. பின்பக்கம் ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள். 2020-ல் வந்த தரம் அது. நேரடி ஊசி டர்போ எஞ்சின்களில், புரோட்டான் எக்ஸ்50-இன் டிஜிடிஐ, ஹோண்டா சிவிக் 1.5 டர்போ போன்றவற்றில், இது வெறும் எழுத்தில்லை. குறைந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது, தீப்பொறி வருமுன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறு அவற்றுக்கு உண்டு. பிஸ்டனே உடையலாம். எண்ணெயில் உள்ள கால்சியம் சேர்மங்கள் அதைத் தூண்டும். அதைக் கட்டுப்படுத்தும் சோதனை 2018-ன் எஸ்என் பிளஸ் தரத்தில் வந்து, எஸ்பியில் தொடர்கிறது. சந்தை விலைக்குப் பாதியில் இணையக் கடையில் கிடைக்கும் புட்டியை நம்பாதீர்கள். போலி எண்ணெயைப் பிடிக்க உள்நாட்டு வாணிப அமைச்சு சோதனை நடத்தும் ஊர் இது.

இனி வேலை. எஞ்சினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதித்தால் கை வெந்துவிடும். ரேம்பில் ஏற்றி, கியரைப் 'பி'யில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

அடுத்து, போல்ட் எது என்று உறுதி செய்வது. வீட்டில் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் பெரிய தவறு இங்கேதான்: எஞ்சின் போல்ட் என்று நினைத்துக் கியர்பெட்டி எண்ணெயை வடித்துவிட்டு, எஞ்சினில் இன்னொரு 3 லிட்டர் ஊற்றுவது. சிவிடி கியர்பெட்டி காய்ந்து ஓடும், எஞ்சினில் எண்ணெய் இரட்டிப்பாகும். இரண்டுக்கும் வாரண்டி கைகொடுக்காது. ஹோண்டாவில் எஞ்சின் போல்ட்டுக்கு 17 மில்லிமீட்டர் அறுகோணத் தலை. கியர்பெட்டி போல்ட்டின் தலையில் சதுரக் குழி. வடிவது கறுப்பு கலந்த பழுப்பாக இல்லாமல், தெளிவாகவோ சிவப்பாகவோ இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

நன்றாகச் சொட்டி முடிய 10, 15 நிமிடம் ஆகும். அதற்குள் பழைய ஃபில்டரைக் கழற்றி, அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புதிதையும் மாட்டினால், முதலில் ஒழுகாது. எண்ணெய் அழுத்தம் ஏறியதும் பிதுங்கிக்கொண்டு, நெடுஞ்சாலையில் சில நிமிடத்தில் எண்ணெயெல்லாம் கொட்டிவிடும். புது வளையத்தில் எண்ணெய் தடவி, கையால் முறுக்கி, அடிப்பாகம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் அடுத்த முறை உங்களுக்குத்தான் பாடு.

வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதல் நான்கைந்து சுற்றை விரலால் மட்டும் ஏற்றுங்கள். ஹோண்டாவுக்கு 39 நியூட்டன் மீட்டர், மற்றதற்குக் கையேடு. அலுமினிய சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி) மரை போனால், எண்ணெய் மாற்றி மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

கணக்கிட்ட அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துச் சமதளத்தில் எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். மேல்கோட்டைத் தாண்டினால், சுழலும் கிராங்க் எண்ணெயை அடித்து நுரையாக்கும்; நுரையால் அழுத்தம் நிற்காது.

வடித்த எண்ணெயைக் காலிப் புட்டியில் ஊற்றி, பழைய ஃபில்டரோடு பட்டறையில் கொடுங்கள். அந்த எண்ணெய் சட்டப்படி அட்டவணைக் கழிவு, குறியீடு எஸ்டபிள்யூ 305. உரிமம் உள்ளவர்கள் வந்து எடுப்பார்கள். வீட்டு முன் இருக்கும் சாக்கடையில் ஊற்றினால் அது கிள்ளான் ஆற்றில்தான் போய்ச் சேரும்.

அப்படியானால் எது?

வாரண்டி ஓடும்வரை அட்டவணை சர்வீஸ் சென்டரில், இடையில் கூடுதலாக ஒன்று வீட்டில். காலை மாலை ஃபெடரல் நெடுஞ்சாலை, எல்டிபி நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கு, கிலோமீட்டர் ஏறாமலே எஞ்சின் ஓடும் நேரம் ஏறிக்கொண்டிருக்கும். கையேடுகள் கடுமையான உபயோகம் என்று சொல்வது இதைத்தான். அப்படி ஓடும் காருக்கு 5,000 கிலோமீட்டரில் ஒரு முறை நீங்களே மாற்றலாம். முத்திரை வரிசை கெடாது. சர்வீஸ் நினைவூட்டும் விளக்கை மட்டும் தொடாதீர்கள். அது சென்டரின் கணக்கோடு ஓடட்டும். எண்ணெய், ஃபில்டர் ரசீதுகளையும், கிலோமீட்டர் தெரியும்படி எடுத்த மீட்டர் படத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அதற்குப் பிறகு வடிகாலில் கசிவு வந்தால், சென்டர் உங்களைத்தான் கை காட்டும்.

முத்திரை சரியாக இருந்தும் வாரண்டியை மறுத்தால், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வைக்க முடியாது. கோரிக்கை எழுந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஐந்தாம் ஆண்டின் கடைசிச் சர்வீஸை வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். எஞ்சின், கியர்பெட்டி, ஷாஃப்ட் சீல், வாட்டர் பம்ப் எல்லாவற்றிலும் கசிவு பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதியது வாரண்டியில் தீர்ந்த பிறகு, ரேம்ப்பை எடுத்து வாசலில் போடலாம்.