எரிந்த வீட்டைத் தேடிப் போய் வெண்ணெய்த் தட்டைப் பார்த்த கதை

ஸ்காட்லாந்தில் டே ஏரிக்கரையில் இருக்கும் க்ரானாக் மையத்துக்குப் போய்வந்தேன். க்ரானாக் என்பது ஏரிக்குள் மரக்கால்களை அடித்தோ கல்லைக் கொட்டியோ உண்டாக்கிய தீவும் அதன் மேல் கட்டிய வீடும். இந்த ஒரு ஏரியில் மட்டும் 18 இடங்களில் தடயம் கிடைத்திருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழைய படங்களில் தண்ணீருக்கு மேல் நிற்குமே, க்ரானாக் மாதிரியாக நம் காலத்தில் கட்டிய அந்தப் பெரிய கூரைவீடு, அதை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது 2021 ஜூனில் சில நிமிடங்களிலேயே எரிந்து சாம்பலாகிவிட்டது. மையத்தை 2024 ஏப்ரலில் எதிர்க்கரையில், டலெர்ப் என்ற இடத்தில் மறுபடி திறந்தார்கள். நான் பார்த்தது கரையில் எழுப்பிய இரும்புக் கால கிராமம். பழைய படத்தை நம்பிக் கிளம்பியது என் தப்பு.

ஆனால் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் அந்த ஏமாற்றம் மறந்துபோனது. ஓக்பேங்க் என்ற க்ரானாக்கை 1980-லிருந்து தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கித் தோண்டியிருக்கிறார்கள். அதில் கிடைத்த ஒரு மரத்தட்டில், சுமார் 2,500 வருஷத்துக்கு முன் யாரோ வைத்த வெண்ணெய் இன்னும் ஒட்டியிருந்ததாம்! நிலத்தில் என்றால் மரமே மிஞ்சியிருக்காது. குளிர்ந்த, ஆக்சிஜன் குறைந்த ஏரியடிச் சேற்றில் கிருமிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதனால்தான் துணித்துண்டு, தரையில் பரப்பிய பெரணி இலை, ஏன், ஆட்டுப் புழுக்கை வரைக்கும் தப்பித்திருக்கிறது. ராஜாவின் வாளைவிட இந்தப் புழுக்கைதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஆட்டையும் வீட்டுக்குள் கட்டிவைத்துக்கொண்டு எப்படித்தான் தூங்கினார்களோ.

வெளியே அந்தக் கால உடையில் நிற்பவர்கள் மரம் கடைகிறார்கள், நெய்கிறார்கள், சமைக்கிறார்கள். வில்லில் கயிற்றைச் சுற்றிக் குச்சியைக் கடைந்து தீ மூட்டுவதைக் காட்டியவர் பேச்சோடு பேச்சாகச் செய்துமுடித்தார். நானும் வாங்கிக் கடைந்து பார்த்தேன், கை கொப்பளித்ததுதான் மிச்சம், புகைகூட வரவில்லை. என்ன கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்கிறார்கள். எதற்காகத் தண்ணீர் மேல் கட்டினார்கள் என்று கேட்டேன். பாதுகாப்பா, அந்தஸ்தா, விளைநிலத்தை வீணாக்க மனமில்லையா, அடித்துச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த நேர்மை பிடித்திருந்தது.

சுற்றிப் பார்க்க அரைநாள் ஒதுக்குங்கள். பெரும்பாலும் திறந்தவெளிதான், மழைக்கோட்டும் சேற்றைத் தாங்கும் ஷூவும் கட்டாயம் வேண்டும். நான் கேன்வாஸ் ஷூவில் போனேன், அது காய இரண்டு நாள் ஆனது.