ஐந்து எண்களை ஏழு வருடம் குறித்து வைத்ததில் தெரிந்தது: ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி நலம் பார்த்த அனுபவம்

டிரைவின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் என் கணினியில் ஏறி ஏழு வருடம் ஆகிவிட்டது. விண்டோஸ் இருக்கும் கணினிகளுக்கெல்லாம் அதுதான், லினக்ஸ் ஓடும் பழைய மேசைக் கணினிக்கு மட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ். இரண்டும் இலவசம். இரண்டும் காட்டுவது ஒரே சரக்கைத்தான்: டிரைவ் தன்னைப் பற்றித் தானே உள்ளுக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் கணக்கு. அதனால் எது சிறந்தது என்று ஒப்பிடப் போவதில்லை. எதை இறக்கிக்கொண்டாலும் சரி, மேலே பெரிதாக வரும் 'குட்' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், கீழே இருக்கும் வரிகளில் ஐந்தை மட்டும் மாதம் ஒருமுறை தேதி போட்டுக் குறித்து வையுங்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். இரண்டு டிரைவைப் பறிகொடுத்து, இரண்டைக் காப்பாற்றிய பிறகு சொல்கிறேன்.

முதலில் போனது மடிக்கணினியில் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க். படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் முதல் மூன்று வரிசை உடனே வரும், அப்புறம் அப்படியே நிற்கும், சுட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிடம் கழித்து மீதி வந்து விழும். காதை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒரே சீராக 'டக்... டக்...' என்று மெல்லிய சத்தம். ஆன்டிவைரஸ் வேலையாக இருக்கும் என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். பிறகுதான் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள். அதாவது எச்சரிக்கை. சி5 என்ற வரியில் வரிசையாகச் சுழியங்கள், கடைசியில் 10.

பத்துதானே என்று நினைத்தேன். பத்து இல்லை, 16. இந்த மென்பொருள் மூல எண்களைப் பதினாறடிமான முறையில்தான் காட்டும், அங்கே 10 என்றால் நம் கணக்கில் 16. மெனுவில் கூடுதல் வசதிகளுக்குள் போய் மூல எண்களைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், இறக்கிய உடனே செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். இரண்டு நாள் கழித்து அந்த எண் 24 ஆனது, வாரக் கடைசியில் 56. எட்டு எட்டாக ஏன் ஏறுகிறது என்று குழம்பினேன். இப்போது வரும் பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் உண்மையான செக்டார், அதாவது தரவை எழுதும் மிகச் சிறிய துண்டு, 4096 பைட். ஆனால் கணினியிடம் 512 பைட் துண்டுகளாகத்தான் கணக்குக் காட்டும். ஒரே ஒரு செக்டார் படிக்க முடியாமல் போனாலும் எட்டாகப் பதிவாகிவிடும்.

சி5-க்கும் 05-க்கும் உள்ள வித்தியாசம்தான் இதில் எல்லோரையும் குழப்புவது. ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் அதை உடனே கழித்துக்கட்டாது, 'பிறகு பார்க்கலாம்' என்று சி5 கணக்கில் போட்டு வைக்கும். அந்த இடத்தில் எப்போதாவது புதிதாக எதையாவது எழுதும்போது சோதித்துப் பார்க்கும். எழுத்து நின்றால் சி5 எண் குறையும். நிற்கவில்லை என்றால் அந்த செக்டாரை ஒதுக்கிவிட்டு, கையிருப்பில் இருக்கும் மாற்று செக்டாரை அதன் இடத்தில் போடும், அப்போது 05 ஏறும். 05 என்பது ஆறிய தழும்பு. சி5 என்பது இன்னும் ஆறாத புண், அதாவது அங்கே இருந்த உங்கள் தரவை இந்த நிமிடம் படிக்க முடியவில்லை. 05-ல் 24 இருந்து வருடக்கணக்கில் அசையாத டிஸ்க்கைவிட, சி5-ல் 8 இருக்கும் டிஸ்க்கைப் பார்த்தால்தான் எனக்கு இப்போது பயம் வரும்.

அன்றைக்கு இது எதுவும் தெரியாது. பிழை இருக்கிறதே, சரிசெய்துவிடலாம் என்று விண்டோஸிலேயே இருக்கும் பிழை சோதிக்கும் கருவியான செக்டிஸ்க்கை முழுச் சோதனையில் ஓடவிட்டேன். அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்கும், கெட்ட இடத்தில் திரும்பத் திரும்ப முட்டும். சாகக் கிடக்கும் ஆளை ஓடவிட்டுப் பார்ப்பது மாதிரி அது. ஆறு மணி நேரம் கழித்துத் திரையைப் பார்த்தால் டிரைவே காணோம். அணைத்து, சூடு ஆறவிட்டு, வெளியே எடுத்து, லினக்ஸில் மாட்டி, குனு டிடிரெஸ்க்யூ கொண்டு பிரதி எடுத்தேன். அந்தக் கருவியின் அருமை என்னவென்றால், நன்றாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு வைக்கும், எதுவரை முடிந்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும், பாதியில் நின்றால் விட்ட இடத்தில் தொடரலாம். பெரும்பகுதி கிடைத்தது. கிடைக்காததில் சில படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, மேல் பாதியில் முகங்கள், கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல் நிறம். மஞ்சளைப் பார்த்தவுடன் செய்ய வேண்டியது பிரதி எடுப்பது மட்டும்தான், சோதனை எல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. அதே டிஸ்க்கை ஸ்மார்ட்மான்டூல்ஸில் கேட்டபோது, மொத்த நலம் 'பாஸ்டு' என்றது. சி5 அப்போது நூறைத் தாண்டியிருந்தது! காரணம் இதுதான்: ஒவ்வொரு வரிக்கும் மூல எண் போக, தயாரிப்பாளர் போட்ட ஒரு மதிப்பெண்ணும் ஒரு வாசல் எண்ணும் உண்டு. மதிப்பெண் வாசலுக்கு வந்து சேரும் வரை டிரைவ் தன்னைத் தேறியதாகவே சொல்லிக்கொள்ளும், அந்த வாசலைத் தயாரிப்பாளர்கள் மிகக் கீழே வைத்திருக்கிறார்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இந்த விஷயத்தில் பரவாயில்லை, 05, சி5, சி6 (டிஸ்க் தானே சோதித்தபோதும் படிக்க முடியாத செக்டார்கள்) மூன்றில் மூல எண் ஒன்று ஆனாலே மஞ்சள் காட்டிவிடும். அந்த மஞ்சளை நம்பலாம். 'குட்' என்று காட்டும் நீலத்தைத்தான் அப்படியே நம்பக் கூடாது.

அதற்குப் பிறகுதான் கணக்கு எழுத ஆரம்பித்தேன். ஐந்து வரி: 05, பிபி (திருத்த முடியாத பிழைகள்), பிசி (நேரத்துக்குள் முடியாத கட்டளைகள்), சி5, சி6. பத்தடிமானத்தில் 5, 187, 188, 197, 198. இது நானாகத் தேர்ந்தெடுத்தது இல்லை. பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன் கிடங்குகளில் ஓடும் டிரைவ்களின் தினசரிக் கணக்கை 2013-லிருந்து சேர்த்து, பொதுவில் வெளியிட்டும் வருகிறது, அவர்கள் கவனிப்பது இந்த ஐந்தைத்தான். 2016-ல் அவர்கள் சொன்ன கணக்கில், பழுதான டிரைவ்களில் 76.7 சதவீதத்தில் இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றாவது சுழியத்தைத் தாண்டியிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றில் அப்படி இருந்தது 4.2 சதவீதம்தான். அதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது, ஐந்து எண்ணைப் பார்த்தால் போதும் என்று. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், ஏறக்குறைய நாலில் ஒன்று எந்த அறிகுறியும் காட்டாமல் போயிருக்கிறது. கூகுள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொன்னது: முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது தெரியும் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் போக, பிழை வராததைவிட 39 மடங்கு அதிக வாய்ப்பு. ஆனால் போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நாலு அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டவில்லை.

அந்தப் பாதியில் ஒன்று எனக்கும் வாய்த்தது. சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி, சாட்டா வகை ஒன்று, நலம் 97 சதவீதம், நீலம், என் குறிப்பில் ஐந்து எண்ணும் இரண்டு வருடமாகச் சுழியம். ஒரு இரவு வழக்கம்போல அணைத்தேன், காலையில் கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையிலேயே பெயர் வரவில்லை. சத்தம் இல்லை, வேகம் குறையவில்லை, ஒன்றும் இல்லை. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முனகிவிட்டுத்தான் போகும், எஸ்எஸ்டியில் அதை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் போனால் விளக்கை அணைத்த மாதிரி போய்விடும். அந்த 97 என்பது ஃபிளாஷ் செல்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்ற மதிப்பீடு மட்டுமே, மற்ற பாகங்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. முந்தைய வாரப் பிரதி இருந்ததால் ஒரு வார வேலையோடு போயிற்று.

காப்பாற்றிய கதைக்கு வருகிறேன். மேசைக் கணினியில் கோப்பு நகல் எடுக்கும்போது அவ்வப்போது திணறல். ஐந்து எண்ணும் சுழியம், நிறம் நீலம். ஆனால் சி7, அதாவது 199-வது வரி, போன மாதம் 31 இருந்தது 190-க்கு ஏறியிருந்தது. இது டிஸ்க்கின் பரப்பைப் பற்றியது இல்லை, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும்போது தரவு சிதைந்து, மறுபடி அனுப்ப வேண்டி வந்த தடவைகள். பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சாட்டா கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், பக்கப் பலகையில் இடித்து முனை மடங்கிப்போய் இருந்தது. வேறு கேபிள் போட்டேன். எண் 214-ல் நின்றது, நாலு வருடமாக அதே 214. இந்த எண் குறையவே குறையாது, அதனால் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், நகர்கிறதா என்பதுதான் கேள்வி. மாதாமாதம் குறிக்காமல் இருந்திருந்தால் நல்ல டிஸ்க் ஒன்றைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

எண்ணைப் பார்த்துத் தேவையில்லாமல் பதறுவதும் நடக்கும். சீகேட் டிஸ்க்குகளில் 01 (படிப்புப் பிழை), 07 (தேடல் பிழை) இரண்டு வரியிலும் மூல எண் கோடிக்கணக்கில் இருக்கும். பிழையும் மொத்தச் செயல்பாடும் ஒரே எண்ணுக்குள் சேர்த்து அடைக்கப்பட்டிருக்கும், அது அப்படித்தான் இருக்கும், விட்டுவிடலாம். வெப்பநிலையையும் நான் எழுதுவதில்லை. மிகவும் சூடாகிறதா என்று பார்ப்பதோடு சரி. சூடு ஏற ஏறப் பழுதும் ஏறும் என்ற எண்ணத்துக்கு அந்த கூகுள் ஆய்விலேயே அவ்வளவு ஆதரவு கிடைக்கவில்லை.

09, ஓடிய மணி நேரம், இது தனி. வருடம் முழுக்க அணைக்காமல் ஓடினால் 8760 ஆகும், அதை வைத்துப் பழைய டிரைவ் வாங்கும்போது வயதைக் கணக்குப் போடலாம். வயது மட்டுமே ஒரு டிரைவைக் கொன்ற கதையும் உண்டு: எச்பிஇ என்ற சர்வர் நிறுவனம் 2019 நவம்பரில், தன் சர்வர்களுக்கு விற்ற சில எஸ்ஏஎஸ் இணைப்பு எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும், உடனே ஃபர்ம்வேரை (டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளை) மாற்றுங்கள் என்று எச்சரித்தது. மூன்று வருடம் ஒன்பது மாதத்துக்கு ஒட்டி வரும் கணக்கு அது. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டிய டிரைவ்கள் ஒரே நேரத்தில் போகும் என்பதுதான் அதில் உள்ள கொடுமை. அன்றிலிருந்து ஃபர்ம்வேர் எண்ணையும் குறிப்பின் மேல் வரியில் எழுதி வைக்கிறேன்.

என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான புதுவகை எஸ்எஸ்டி) டிரைவ்களில் இந்த 05, சி5 எல்லாம் கிடையாது, வேறு பட்டியல். அதில் நான் எழுதுவது மூன்று: கையிருப்பு (மீதமுள்ள மாற்று இடம்) சதவீதம், பயன்படுத்திய (ஆயுளில் கழிந்த) சதவீதம், மீடியா பிழை எண்ணிக்கை. மூன்றாவது சுழியமாகவே இருக்க வேண்டும். பயன்படுத்திய சதவீதம் 100-ஐத் தொட்டாலும் டிரைவ் அன்றே சாகாது, 100-ஐத் தாண்டியும் எண்ணும். தயாரிப்பாளர் கணக்கிட்ட ஆயுள் முடிந்தது என்றுதான் அர்த்தம். என் 1 டிபி டிரைவில் மூன்று வருடத்தில் எழுதியது 38 டிபி, உத்தரவாத அளவோ 600 டிபி. எழுதி எழுதியே எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று தற்காலிகக் கோப்புகளை எல்லாம் வேறு டிஸ்க்குக்கு மாற்றி வைத்திருந்தேன், இந்த எண்ணைப் பார்த்த பிறகு திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எனக்கு உள்ள ஒரே பெரிய குறை, அதிலிருந்து சுயசோதனையைத் தொடங்க முடியாது. டிரைவுக்குள்ளேயே ஷார்ட் டெஸ்ட், லாங் டெஸ்ட் என்று இரண்டு இருக்கின்றன. ஷார்ட் இரண்டு நிமிடம், லாங் பரப்பு முழுவதையும் படிக்கும், 4 டிபி ஹார்ட் டிஸ்க் என்றால் ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும். இதற்கு ஸ்மார்ட்மான்டூல்ஸைச் சுட்டியால் இயக்க உதவும் ஜிஸ்மார்ட்கன்ட்ரோல் வேண்டும். ஏன் அவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், யாரும் படிக்காத இடத்தில் இருக்கும் பழுது எந்த எண்ணிலும் ஏறாது. அக்கா மகள் தன் வெளி டிஸ்க்கில் ஒரு வீடியோ மட்டும் நகல் ஆகவில்லை என்று கொண்டுவந்தாள். மாட்டினேன், எல்லாம் சுழியம், நீலம்.

"நீலமாத்தானே காட்டுது மாமா, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?"

"முதல்ல காப்பி எடுத்துடலாம். அப்புறம் பாரு."

எடுத்து முடித்துவிட்டு லாங் டெஸ்டைப் போட்டோம். யூஎஸ்பி பெட்டி நடுவில் தூங்கிப்போய் இரண்டு முறை சோதனை அறுந்தது, தூங்கவிடாமல் வைத்த பிறகு மூன்றாம் முறை ஓடியது. 70 சதவீதம் மீதி இருக்கும்போதே படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. திரும்ப கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்தால் சி5-ல் 8, நிறம் மஞ்சள். அந்தச் சோதனை அறிக்கையையே அனுப்பித்தான் உத்தரவாதத்தில் மாற்று டிஸ்க் வாங்கினாள். இப்படி ஸ்மார்ட் கணக்கு யூஎஸ்பி வழியாக வருவதே பெட்டியைப் பொறுத்தது, சில பெட்டிகள் எதையும் கடத்தாது. அடுத்த வெளி டிஸ்க் வாங்கியவுடன் நான் முதலில் பார்த்தது ஸ்மார்ட் தெரிகிறதா என்பதைத்தான்.

இப்போது கைவசம் நாலு டிரைவ். அதில் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 05 மட்டும் 24, மூன்று வருடமாக அதே 24. அதில் இரண்டாம் பிரதி தவிர வேறு எதையும் வைப்பதில்லை, 32 ஆனால் அன்றைக்கே மாற்றிவிடுவேன். இந்த மாத லாங் டெஸ்ட் அதில்தான் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் 30 சதவீதம் மீதி.