மெரினோ என்ற பெயரில் அக்ரிலிக்: சால்வை பின்னுவோருக்கு ஓர் எச்சரிக்கை

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் பின்னல் நூல் அனுப்பும் திருப்பூர் விற்பனையாளர் ஒருவர், 'நீலகிரி மெரினோ, நூறு சதவீதம் தூய கம்பளி' என்று சொல்லி எனக்கு விற்றது முழுக்க முழுக்க அக்ரிலிக் எனும் செயற்கை இழை நூல் என்பது சோதனையில் உறுதியாகியிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆயினும் அவர் விற்ற முறையையும், கேள்வி கேட்டபோது சொன்ன காரணங்களையும் விரிவாக எழுதுகிறேன். பல ஆண்டுகள் ஊசியைத் தொடாமல் இருந்துவிட்டு மீண்டும் பின்னத் தொடங்குவோரிடம்தான் அந்தக் காரணங்கள் நன்றாகச் செல்லுபடியாகும்.

என் மாமியாருக்காக ஓர் இலை வடிவ லேஸ் சால்வையைப் பல ஆண்டுகளுக்கு முன் பின்னத் தொடங்கி, ஏறத்தாழ பாதியில் நிறுத்தி, ஊசியோடு அப்படியே துணிப்பையில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். அப்போது பயன்படுத்தியது லூதியானாவிலிருந்து உறவினர் வாங்கி வந்த அரக்கு நிறக் கம்பளி நூல். அதன் லேபிளில், தூய கம்பளி என்பதற்கு அடையாளமான உல்மார்க் முத்திரை இருந்தது. கடந்த மார்கழிக் குளிரில் கோபிச்செட்டிபாளையத்திலேயே அத்தை இரண்டு போர்வை கேட்டபோது அந்தப் பையை வெளியே எடுத்தேன். மீதி நூல் ஒரு சிறிய உருண்டைதான் இருந்தது. அதே கனத்தில், அதே நிறத்தில் நூல் தேடியபோதுதான் இந்த விற்பனையாளரின் தொடர்பு கிடைத்தது.

பழைய நூலில் ஒரு துண்டை வெட்டி அவருக்கு அனுப்பி, இது தூய கம்பளி, இதனோடு சேர்த்துப் பின்ன வேண்டியிருப்பதால் கலப்பு நூல் வேண்டாம் என்று எழுத்திலேயே கேட்டிருந்தேன். "எங்ககிட்ட அக்ரிலிக்கே கெடையாதுங்க்கா, நீலகிரி ஆட்டுக் கம்பளிய நம்ம திருப்பூர் மில்லுலயே நூத்து எடுக்கறதுங்க" என்று குரல் பதிவில் பதில் வந்தது. 100 கிராம் உருண்டை ஒன்று 640 ரூபாய் வீதம் நான்கு உருண்டைகளுக்கு 2,560 ரூபாய் செலுத்தினேன். வந்த உருண்டைகளைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையில் 'தூய மெரினோ' என்று அச்சிட்டிருந்ததே தவிர, தயாரிப்பாளர் பெயரோ, முகவரியோ, நிகர எடையோ, சாயத் தொகுதி எண்ணோ இல்லை. கேட்டதற்கு, "அது லூஸ் சரக்குங்க்கா, அதெல்லாம் வராதுங்க" என்றார்.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிறம் அச்சாகப் பொருந்தியது. பின்னி முடித்து வெயிலில் விரித்தபோது, பழைய நூலும் புதிய நூலும் சேர்ந்த வரிசையில் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. அத்தை தடவிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இந்தப் பக்கம் மட்டும் பிளாஸ்டிக்காட்ட வழுக்குது?" என்று கேட்டார். பிறகு வழக்கப்படி பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் சால்வையை நனைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, மெத்தை மேல் இழுத்து விரித்து ஓரமெங்கும் குண்டூசி குத்திக் காய வைத்தேன். லேஸ் பின்னலுக்கு இந்த வேலைதான் உயிர். ஊசியிலிருந்து இறங்கும்போது சுருங்கிக் கசங்கிக் கிடக்கும் துளைகள் இதில்தான் இலையாகத் திறக்கும். பழைய பாதி இன்னும் சில்லென்று இருந்தபோதே புதிய பாதி முழுவதும் காய்ந்துவிட்டது. மறுநாள் குண்டூசிகளை எடுத்ததும் பழைய பாதி இழுத்து வைத்த அகலத்திலேயே நின்றது. புதிய பாதியோ என் கண் முன்னாலேயே உள்வாங்கி, மற்றதைவிட ஒரு சாண் குறுகிப்போய், இலைகளெல்லாம் மூடிக்கொண்டு நின்றது.

படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில், கம்பளியில் தண்ணீரே படக் கூடாது என்பது. மழையில் நனைந்து மேயும் ஆட்டின் மேல் வளர்வதைப் பற்றி இப்படிச் சொல்ல ஒருவருக்குத் துணிவு வேண்டும். இரண்டாவது, நீராவி இஸ்திரி போட்டால் நேராகிவிடும் என்பது. இந்த யோசனையை யாரும் கேட்டுவிட வேண்டாம். நீராவியின் சூட்டில் அக்ரிலிக் இளகித் துவண்டுபோகும். சால்வை தட்டையாகத் தெரியும், ஆனால் நூலின் உடல் திரும்ப வராது, நாமே பொருளைக் கெடுத்துவிட்டோம் என்று சொல்ல அவருக்கு வழியும் கிடைத்துவிடும். மூன்றாவது பதில்தான் தந்திரமானது: "ரொம்ப வருசம் விட்டுப்போட்டுப் பின்னுனா கை இறுகிப் போயிருமுங்க்கா. நூலு மேல தப்பில்லீங்க."

இதைக் கேட்டால் யாரும் ஒரு கணம் தயங்கத்தான் செய்வார்கள். இடைவெளி விட்டுப் பின்னுவோருக்குக் கண்ணிகளின் இறுக்கம் மாறுவது உண்மையே. அது உண்மையாக இருப்பதால்தான் அந்தப் பதில் இவ்வளவு வசதியாக இருக்கிறது. ஆனால் கையா, நூலா என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. மிச்சமிருந்த பழைய நூலில் ஒரு சதுரமும், அவர் அனுப்பிய நூலில் ஒரு சதுரமும், ஒரே 4 மில்லிமீட்டர் ஊசியில், ஒரே எண்ணிக்கைக் கண்ணிகளோடு, ஒரே மாலையில் பின்னினேன். இரண்டும் ஒரே அளவில் வந்தன. இரண்டையும் நனைத்துக் குண்டூசி குத்திக் காய வைத்து எடுத்தால், பழைய நூல் சதுரம் விரிந்தபடியே நின்றது, மற்றது சுருங்கிக்கொண்டது. கம்பளி இழை நீரை உள்வாங்கி நெகிழ்ந்து, காயும்போது புதிய வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை ஏற்கக்கூடியது அது. அக்ரிலிக் ஈரத்தை ஏற்பது மிகக் குறைவு; நனைத்து வைத்த வடிவத்தில் அது நிற்பதில்லை. கை இறுகியிருந்தால் இரண்டு சதுரமும் இறுகியிருக்க வேண்டும்.

அதன் பிறகு இடுக்கியில் பிடித்து ஒவ்வொரு நூலையும் தீயில் காட்டினேன். பழைய நூல் முடி கருகும் வாடையோடு சுருண்டது, சுடரை விட்டு எடுத்ததும் தானாக அணைந்தது, மிஞ்சிய கரி விரலில் பொடியாக உதிர்ந்தது. புதியது சட்டெனப் பற்றி, எடுத்த பிறகும் கரும்புகையோடு எரிந்து உருகியது; ஆறியதும் நுனியில் ஒரு கறுப்பு மணி நின்றது, நகத்தால் அழுத்தியும் அது நசுங்கவில்லை. முடி வாடையும் கடினமான மணியும் சேர்ந்து வந்தால் அது கலப்பு நூல். சுருங்காதபடி பதப்படுத்திய 'சூப்பர்வாஷ்' கம்பளி, வெந்நீரில் தேய்த்தாலும் திரண்டுகொள்ளாது என்பதால், தேய்த்துப் பார்க்கும் பழைய சோதனையை நம்ப வேண்டாம். தீயில் அதுவும் முடி வாடைதான் தரும். இன்னொரு வழி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வீட்டு பிளீச் ஊற்றி நூலை ஊறவிடுவது: கம்பளி கரைந்துபோகும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும். இதைக் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். கழிவறை ஆசிட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

வீட்டுச் சோதனையை விற்பனையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால், கோவை அவிநாசி சாலையில் 1956 முதல் இயங்கிவரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் கட்டணம் செலுத்தி மாதிரியைக் கொடுத்தேன். அறிக்கையில் அக்ரிலிக் என்று ஒரே சொல்லில் விடை இருந்தது.

அவருடைய விளம்பரம் எதனால் எடுபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரி ஆடு என்ற மென்கம்பளி இனம் உண்மையிலேயே உண்டு. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஆனால் அந்த ஆடுகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. அதன் கம்பளி இருபது நிறங்களில், கேட்ட மறுநாளே, கிலோக் கணக்கில் கிடைக்கும் என்றால் நம்புவதற்கில்லை. திருப்பூரின் பெயரும் பனியன் துணியால், முக்கியமாகப் பருத்தியால் வந்தது. கையால் பின்னும் கம்பளி நூலுக்கு நாட்டில் பெயர் பெற்ற ஊர் லூதியானா. நம் ஊர்ப் பெயர்களின் மீது நமக்குள்ள நம்பிக்கையைத்தான் அவர் 640 ரூபாய்க்கு விற்கிறார்.

புதிய பாதி முழுவதையும் பழைய வரிசை வரை பிரித்து, கண்ணிகளை மீண்டும் ஊசியில் ஏற்றி, லூதியானாவிலிருந்து தருவித்து முன்கூட்டியே எரித்துப் பார்த்த சாம்பல் நிற நூலில் சால்வையைப் பின்னி முடித்தேன். அரக்கும் சாம்பலும் இரண்டு நிறமாகவே இருக்கட்டும் என்று அத்தையும் சொல்லிவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்த பிறகு, பிரிக்காத இரண்டு உருண்டைகளுக்கான 1,280 ரூபாயை அவர் திருப்பி அனுப்பினார். பயன்படுத்திய நூலுக்குப் பணம் தர மறுக்கிறார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், ஈரோட்டில் மனு கொடுக்க இருக்கிறேன். 5 லட்சம் ரூபாய்க்குட்பட்ட கொள்முதலுக்கு மனுக் கட்டணம் இல்லை. இதே நபரிடம் வாங்கியவர்கள் காகிதப் பட்டை, பணம் செலுத்திய சான்று, குரல் பதிவு, பின்னாத நூலில் சில மீட்டர் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.