“அதே சைஸ்தான் சார்”: பவர் அதிகமுள்ள காருக்கு மலிவு டயர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

நடந்ததை முதலில் சொல்லிவிடலாம். 450 குதிரைத்திறன், பின்சக்கர டிரைவ், 19 இன்ச் ரிம். தேய்ந்துபோன நாலு டயரையும் மாற்ற வேண்டும், கையைக் கடிக்காத விலையில் வேண்டும் என்று கார்க்காரர் கேட்டிருக்கிறார். “அதே சைஸ்தான் சார், ஒய் ரேட்டிங், புது ஸ்டாக்” என்றார்கள் கடையில். (ஒய் என்பது டயர் தாங்கும் வேகத்தைச் சொல்லும் எழுத்து.) காத்திருக்கும் அறையில் உட்காரவைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பில்லில் “டயர் 4, ஃபிட்டிங், பேலன்சிங்” என்பதோடு சரி. முதல் மழையில், இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததற்கே வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

பின்னால் போட வேண்டியது 275/35 ஆர்19 100 ஒய் எக்ஸ்எல் (அதிகச் சுமை தாங்கும் வகை). போட்டிருந்தது 275/35 ஆர்19 96 டபிள்யூ. சைஸ் ஒன்றுதான், அதில் பொய் இல்லை. தயாரிப்புத் தேதி உள்ள பக்கம் இரண்டு டயரிலும் வண்டிக்கு அடியில் திரும்பியிருந்தது. ஒன்று ஒரு வருடப் பழசு, மற்றது ஆறு வருடத்துக்கும் மேல். முன்பக்க டயர் ஒன்றில் “இன்சைடு” என்று அச்சடித்த பக்கம் வெளியே இருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு வந்த பதில்: “ஓட்டிட்டீங்களே சார், இனி எப்படி எடுக்கிறது?”

இந்தப் பதில்தான் இவர்களுடைய ஆயுதம். டயர் ரிம்மில் ஏறி, பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டால் அது “பழைய டயர்”. ஆகவே பார்க்க வேண்டியதையெல்லாம் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அறையில் உட்காராதீர்கள். நாலு டயரையும் உங்கள் முன்னால் தரையில் வைக்கச் சொல்லி, குனிந்து படியுங்கள்.

சைஸுக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் அலங்காரத்துக்கு இல்லை. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ., ஒய் என்றால் 300. கடைக்காரர் இங்கே ஒரு கணக்குச் சொல்வார்: “பின் ஆக்ஸில் முழு எடையே 1,250 கிலோதான், டயருக்கு 625, இது 710 தாங்குது, அப்புறம் என்ன?” சாதாரண வேகத்தில் ஓடும் காருக்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் டபிள்யூ டயர் தன் முழு எடையைத் தாங்குவது 240 கி.மீ. வேகம் வரைதான். அதற்கு மேல் ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் 5 சதவீதம் குறைந்து, 270-இல் 85 சதவீதமே மிஞ்சும். 710-இல் 85 சதவீதம் 603 கிலோ. 625 எங்கே, 603 எங்கே! ஒய் டயர் 270 வரை முழு எடையைத் தாங்கும், குறைவது அதற்கு மேல்தான்.

அவ்வளவு வேகம் போகப் போவதில்லை என்பவர்களுக்கும் விஷயம் இருக்கிறது. எக்ஸ்எல் டயர் தன் முழுச் சுமையை 42 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தாங்கும்படி செய்யப்பட்டது. சாதாரண டயருக்கு அது 36 பிஎஸ்ஐ. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின்பக்கத்துக்கு 40, 42 என்று போட்டிருந்தால், அந்த அழுத்தம் எக்ஸ்எல் டயரை மனதில் வைத்துக் கொடுத்தது. சாதாரண டயரில் அதே அளவு காற்றடைத்தால் சாலையில் படும் டிரெட்டின் நடுப்பகுதி உப்பிச் சீக்கிரம் தேயுமே தவிர, தாங்கும் எடை 710-ஐத் தாண்டாது. போதாக்குறைக்குச் சைடுவாலும் (டயரின் பக்கச்சுவர்) மென்மை. லேன் மாறும்போது பின்பக்கம் ஒரு நொடி தாமதமாக வந்து சேர்வதுபோல இருக்கும். விபத்துக்குப் பிறகு வரும் காப்பீட்டு ஆய்வாளரும் இந்த லோடு எண்ணைப் பார்க்கக்கூடும்.

தேதியைப் பார்ப்பது எளிது. சைடுவாலில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம்: 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். சிக்கல் என்னவென்றால், பல டயர்களில் இந்த முழு வரி ஒரு பக்கத்தில்தான் இருக்கும்; மறுபக்கம் தேதி இல்லாத பாதி வரி. உள், வெளி என்று வித்தியாசம் இல்லாத டயராக இருந்தால், பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட நினைப்பவர் தேதிப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிடுவார். மாட்டிய பிறகு கைபேசியைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிப் படம் எடுத்தால் ஒழியத் தெரியாது. நிழலில், குளிர்ச்சியாக வைத்திருந்த ஒன்றரை வருட டயரைத் தாராளமாக வாங்கலாம், விலையும் குறையும். நாலு வருடம் தாண்டியதைப் புதிது என்ற விலைக்கு வாங்காதீர்கள். ஓட்டாமல் வைத்திருந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் போகும். டயர் நிறுவனங்கள் பலவும் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்வதும், பத்து வருடத்தில் கழற்றச் சொல்வதும் இதனால்தான். ஒரே ஆக்ஸிலில் ஒன்று இளசு, ஒன்று கிழடு என்றால் நிலைமை இன்னும் மோசம். ஈரத்தில் முறுக்குவிசை போகும்போது இறுகிய டயர் முதலில் வழுக்கும், கார் ஒருபக்கம் திரும்பும். மேலே சொன்ன கார் செய்தது அதைத்தான்.

இன்னும் கீழே இறங்கினால், ஓடிய டயரையே புதிதென்று விற்பவர்கள் உண்டு. கறுப்புச் சாயமும் சிலிக்கான் பாலிஷும் போட்டால் சைடுவால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் அழுத்தி வளைத்துப் பார்த்தால் மயிரிழைக் கோடுகள் வாயைத் திறக்கும். தேய்ந்த பள்ளங்களைச் சூடான கத்தியால் ஆழப்படுத்துவதும் நடக்கிறது. பள்ளத்துக்குள் எட்டிப் பாருங்கள். 1.6 மி.மீ. உயரத்தில் குறுக்கே ஓடும் தேய்மானக் கட்டைகள் இருக்க வேண்டும். அவை வெட்டுப்பட்டிருந்தாலோ, ஒரேயடியாகக் காணாமல் போயிருந்தாலோ, பள்ளத்தின் ஓரம் அலை அலையாக இருந்தாலோ அந்த டயரைத் தொடாதீர்கள். கார் டயரில் அப்படி வெட்ட இடமே கிடையாது. அடியில் மெல்லிய ரப்பர், அதற்கும் கீழே எஃகுக் கம்பி. பிறகு ரிம்மில் உட்காரும் பீடு விளிம்பில் விரலை ஓட்டுங்கள். புது டயரில் அது வழவழப்பாக, கூராக இருக்கும். ஒருமுறை மாட்டிக் கழற்றியதில் சுற்றிலும் அழுந்திய தடமும், லிவர் பட்ட கீறலும் தெரியும். டிரெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகளை மட்டும் நம்பாதீர்கள். சில புது டயர்களில் அவை இருக்காது, சைடுவாலில் உள்ளவை பல மாதம் ஓடியும் உதிராது.

இனி கிரிப். மலிவு டயர் விற்பனையில் அதிகமாகக் காதில் பூச்சுற்றும் இடம் இது. ஒய் ரேட்டிங் இருந்தால் நல்ல கிரிப் என்பார்கள். ஸ்பீடு ரேட்டிங் என்பது சுழலும் உருளையின் மேல் வைத்து, அந்த வேகத்தின் சூட்டை டயர் தாங்குகிறதா என்று பார்ப்பது. ஈரச் சாலையில் நிற்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டிரெட்வேர் 200 என்று போட்டிருக்கிறது, ரேஸ் டயர் மாதிரி ஒட்டும் என்பார்கள். அந்த எண்ணைப் போட்டுக்கொள்வது தயாரித்த நிறுவனமே. 100 என்று வைத்த ஒரு ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டுச் சொல்வது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட ஓரளவு உதவும், வேறு வேறு நிறுவனங்களுக்கு நடுவே அதை வைத்து முடிவெடுக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் டிராக்‌ஷன் ஏஏ, ஏ என்ற எழுத்து ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டும் அளப்பது. வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் என்றால் வேலை சுலபம். மழை மேகப் படத்துக்குக் கீழே ஏ முதல் ஈ வரை இருக்கும். அதிகப் பவர் காருக்கு ஏ அல்லது பி, அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார்? 500 நியூட்டன் மீட்டர் இன்ஜின், முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து 12 மடங்கு என்று வையுங்கள். சக்கரத்தில் 6,000, டயர் ஆரம் 0.33 மீட்டர் என்றால் சாலையைத் தள்ளும் விசை சுமார் 18,000 நியூட்டன். வேகமெடுக்கும்போது பின் ஆக்ஸிலில் 1,050 கிலோ அமர்ந்தால், உலர்ந்த சாலையில் நல்ல டயர் கொடுக்கக்கூடியது கிட்டத்தட்ட 10,300. சாதாரணக் காரில் டயரின் எல்லையை இன்ஜின் தொடுவதே அபூர்வம். இங்கே ஒவ்வொரு சிக்னலிலும் தொடுகிறது. பிரேக்கிலும் இதே கதை. ஈரத்தில் உராய்வு 0.8 கொடுக்கும் டயரில் 100 கி.மீ. வேகத்திலிருந்து 49 மீட்டரில் நிற்கலாம். 0.6 கொடுக்கும் டயருக்கு 65 மீட்டருக்கும் மேல் தேவை. முதல் கார் நின்ற அதே இடத்தில் இரண்டாவது கார் இன்னும் 50 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

“ரெண்டு மட்டும் மாத்துங்க, பின்னாடி மலிவா ஒண்ணு போட்டுக்கலாம்” என்ற யோசனைக்கும் தலையாட்ட வேண்டாம். முன்னால் பிடிப்பான டயர், பின்னால் வழுக்கும் டயர் என்பது கார் தட்டாமாலை சுற்றுவதற்கான ஏற்பாடு. நாலு சக்கர டிரைவில் இன்னொரு செலவும் சேரும். டிரெட் ஆழம் 1 மி.மீ. வேறுபட்டாலே சுற்றளவு 6 மி.மீ.க்கு மேல் மாறும். அந்த வித்தியாசத்தை ஓடும் நேரம் முழுக்க முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பவரைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் தலையில் சுமக்கும். மிச்சம் பிடித்த டயர் காசைவிடப் பல மடங்கு அங்கே போய்விடும். எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும்.

மலிவாக வாங்க நேர்மையான வழிகள் இல்லாமல் இல்லை. பெரிய நிறுவனங்களின் இரண்டாம் வரிசைப் பிராண்டுகள் ஒரு வழி: காண்டினென்டலுக்கு செம்பெரிட், பாரும், மிஷெலினுக்கு கிளெபெர், ஹான்கூக்குக்கு லாஃபென். இன்னொன்று, புது மாடல் வந்ததும் விலை இறங்கும் முந்தைய மாடல். இதைவிட நல்லது ரிம்மில் ஓர் இன்ச் குறைப்பது. 19-க்குப் பதில் 18, பிரேக் காலிப்பருக்கு இடித்துக்கொள்ளாமல் இருந்தால். அதே வகை டயரே 18-இல் கணிசமாக மலிவு, சாலைப் பள்ளத்தில் ரிம் வளைவதும் குறையும். வெளிவிட்டம் மாறாத சைஸைத் தேர்ந்தெடுத்து, லோடு எண்ணைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். தவிர்க்க வேண்டிய ஒரே விஷயம், யாரும் சோதித்துப் பார்த்திராத பெயரில் 20 இன்ச் டயர்.

மாட்டும்போது அருகில் நில்லுங்கள். “அவுட்சைடு” வெளியே, சுழற்சி அம்பு முன்னோக்கி. மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக. வால்வு புதிதாக, அல்லது காற்றழுத்த சென்சார் இருந்தால் அதன் சீல் புதிதாக. நட்டை இம்பாக்ட் துப்பாக்கியால் முடிக்க விடாதீர்கள். கடைசி இறுக்கம் கையேடு சொல்லும் அளவில் டார்க் ரெஞ்ச்சால்தான். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த பூச்சு மேலே இருக்கும், வழுக்கும்; அது ஏமாற்று வேலை இல்லை, நிதானமாக ஓட்டினால் போதும்.

பில்லில் டயர் பெயர், மாடல், முழு சைஸ், லோடு எண், வேக எழுத்து, எக்ஸ்எல், நாலு டயரின் தேதி இலக்கங்கள், எல்லாம் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் டயர் தரையில் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் இன்றே வண்டியைத் தூக்கி, நாலு டயரின் இரண்டு பக்கத்தையும் ஓடோமீட்டரையும் படம் எடுத்து வையுங்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கண்டதை அவர்கள் லெட்டர்ஹெட்டில் எழுத்தில் வாங்குங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் கடையோடு வாக்குவாதம் செய்துகொண்டே நாளைக் கடத்தாமல் வங்கியில் புகாரைப் பதிந்துவிடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. “எதற்கும் ரெண்டு மாசம் ஓட்டிப் பாருங்க” என்று கடையில் சொன்னால், அந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான் சொல்கிறார்கள்.